மதகில் மாட்டிய தேங்காய் மூடி

1

கால்வாய் என்றால் உங்களுக்கும் எனக்கும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டுகிற இடம். சதுரங்கப்பட்டினத்துக்காரனான எனக்கு இதில் சந்தேகமே கிடையாது. ஊருக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய் கிடக்கிறது. ஒரு காலத்தில் விறகும் உப்பும் ஏற்றிக்கொண்டு அதில் படகுகள் சென்னைக்குப் போனதாக அப்பா சொல்வார். நான் பார்த்ததெல்லாம் ஆகாயத்தாமரை, எருமை, பிளாஸ்டிக் பை, யாரோ வீசிவிட்டுப் போன பழைய மெத்தை. ஆகவே எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு ஒரு வாரம் கால்வாயில் படகெடுத்து வசிக்கப் போகிறோம் என்று என் மனைவி கஸ்தூரி சொன்னபோது, கொண்டாட்டமா தண்டனையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இங்கே இங்கிலாந்தில் அது கௌரவமான பொழுதுபோக்கு. படகு ஏழடி அகலம்தான், ஆனால் நம் ஊர் டவுன் பஸ்ஸைவிட நீளம். உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வரிசையாக இருக்கும். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்களும் தலைமை ஆசிரியைகளும் அதன் கூரையில் பூந்தொட்டி வைத்து, நாயை முன்னால் உட்காரவைத்து, டீக்கோப்பையும் கையுமாக ஊர்ந்துகொண்டிருப்பார்கள். எதிரே வரும் ஒவ்வொரு படகுக்கும் குட்மார்னிங் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியாதவர்கள் எல்லாம் தண்ணீரில் இறங்கியதும் சொந்தபந்தமாகி விடுகிறார்கள். கரைக்கு வந்ததும் பழையபடி பெயர் தெரியாது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கஸ்தூரி நர்ஸ். இந்த நாடு வேலை கொடுத்துக் கூப்பிட்டது அவளைத்தான். விசாத் தாளில் அவள் முதன்மை விண்ணப்பதாரர், நான் சார்ந்திருப்பவர். ஊரில் இதை யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. லண்டன் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அதுவும் லண்டன் இல்லை, வடக்கே ஒரு தொழில் நகரம். இப்போது நகராட்சி அலுவலகத்தில் வேலை. வண்டியைக் கண்ட இடத்தில் நிறுத்தி அபராதம் வாங்கியவர்கள் கெஞ்சி எழுதும் கடிதங்களைப் படித்து, முடியாது என்பதை முடியாது என்ற சொல் வராமல் எழுதி அனுப்ப வேண்டும். "தங்கள் நிலைமையை எல்லாக் கோணங்களிலும் பரிசீலித்தோம்" என்று ஆரம்பித்தால், மனிதர் கடைசி வரியை எட்டுவதற்குள் பாதி ஆறிவிடுவார். இதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். வீட்டிலும் அப்படியேதான் பேசுகிறேன் என்று கஸ்தூரி சொல்கிறாள். அவள் சொன்னதை நான் பரிசீலித்துக்கொண்டிருக்கிறேன்.

2

கல்யாண நாளுக்கு விருந்தாளியாக வந்தவர் கஸ்தூரியின் அண்ணன் ஏழுமலை. கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். விஞ்ஞானிகள் கடிகாரத்தைப் பார்க்காமல் இவர் பஸ்ஸைப் பார்த்து நேரம் சொல்வார்கள் என்பது அவரே சொல்லிக்கொள்வது. இங்கே வந்த இரண்டாம் நாள், நாலு தெரு தள்ளி ஒரு செங்கல்பட்டுக் குடும்பம் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் செருப்பை மாட்டினார்.

"வா மாப்ள, ஒரு எட்டு பாத்துட்டு வந்துர்லாம்."

"போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் மச்சான் போகணும்."

"இன்னாத்துக்கு? வூட்ல மனுசன் இருப்பான். போனா டீ குடுப்பான்."

போன் செய்தோம். அடுத்த சனிக்கிழமை மாலை நாலிலிருந்து ஆறுக்குள் வரச் சொன்னார்கள். ஏழுமலை செருப்பைக் கழற்றிவிட்டு, "பல்லு புடுங்கப் போறதுக்குத்தான் நம்மூர்ல இப்பிடி டைம் குடுப்பானுங்க" என்றார்.

அவர் வந்தது கல்யாண நாளுக்காக மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல, எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பத்து வருஷத்துக்கு முன்னால் சதுரங்கப்பட்டினத்தில், டச்சுக்காரன் கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு மாடி வீடு கட்டினோம். "இன்னும் ரெண்டு வருஷம், வந்துருவோம்" என்று கிரகப்பிரவேசத்தில் எல்லோரிடமும் சொன்னேன். மேலே இன்னொரு மாடி எழுப்ப வசதியாகத் தூண்கம்பிகளை வானத்தைப் பார்த்து நீட்டிவிட்டு வந்தேன். வேடந்தாங்கலுக்கும் எங்கெங்கிருந்தோ பறவைகள் வருஷா வருஷம் வந்து போகின்றன. ஒன்றாவது ஏரியில் கம்பி நீட்டிவிட்டுப் போனதாகத் தெரியவில்லை.

ஞாயிறுதோறும் ஏழுமலை அந்த வீட்டைத் திறக்கிறார். ஜன்னல்களைத் திறந்து, எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் விட்டுப் பார்த்து, மோட்டார் இறுகிப் போகாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, உப்புக்காற்றில் துருவேறும் கேட்டுக்கு எண்ணெய் போட்டு, இத்தனையையும் வீடியோ எடுத்து எனக்கு அனுப்புவார். நான் சோபாவில் டீ குடித்துக்கொண்டே பார்த்து, "பின்பக்கச் சுவர்ல ஈரம் தெரியுதே மச்சான்" என்று கருத்துச் சொல்வேன். எங்கள் மகள் யாழினிக்கு அதில் ஓர் அறை உண்டு. பத்து வயதில் அவள் ஆசைப்பட்டபடி ரோஸ் நிறப் பெயிண்ட். இப்போது இருபது வயது, கல்லூரியில் படிக்கிறாள், கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுத்துவதில்லை. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அந்த அறையில் இதுவரை தங்கியவை பல்லிகள். நாங்கள் விடுமுறைக்குப் போனால்கூட, வீட்டில் ஏசி இல்லை, கொசு கடிக்கிறது என்று மகாபலிபுரத்தில் ஓட்டல் அறை எடுக்கிறோம். ஓட்டலிலிருந்து கார் பிடித்துப் போய் நம் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறோம்.

ஏழுமலையின் மகள் மீனா கல்பாக்கத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் செங்கல்பட்டில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தினமும் பஸ்ஸில் நின்றபடி வந்து போகிறாள். அவள் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பிள்ளைகளையும் அங்கேயே சேர்த்துவிட வேண்டும் என்று பார்க்கிறாள். அதனால் ஏழுமலை போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் திரும்பி வருகிறீர்களா, இல்லையா? வந்தால் சந்தோஷம். வரவில்லையென்றால் மீனா குடிவரட்டும். ஒவ்வொரு தடவையும் நான் "பாக்கலாம் மச்சான்" என்றேன்.

இப்போது மே மாதம். மனிதர் நேரிலேயே வந்துவிட்டார். முதல் வாரம் முழுக்க அலுவலகத்தில் வேலை அதிகம், ஊர் சுற்றிக் காட்டுகிறேன், மழை, தலைவலி என்று தப்பித்தேன். படகில் அந்த வசதி கிடையாது.

3

படகுத்துறையில் பொறுப்பாக இருந்த அம்மாள் எங்களுக்குப் பாடம் எடுத்தாள். பின்னால் நின்று ஒரு நீளமான கைப்பிடியைப் பிடித்துத் திருப்ப வேண்டும். இடது பக்கம் போக வேண்டுமானால் வலது பக்கம் தள்ள வேண்டும். ஏழுமலை இதைக் கேட்டதும் என்னைப் பார்த்தார்.

"முப்பது வருசம் வண்டி ஓட்டுனவன்கிட்ட இன்னா சொல்லுது இந்தம்மா?"

"மாத்தித் தள்ளணுமாம் மச்சான்."

"அது வண்டிக்குத் தெரியுமா?"

பாடம் முடிந்ததும் அவர் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்தார். புது வண்டி எடுத்தால் சக்கரத்தின் கீழே பழம் வைத்து நசுக்காமல் நகரக்கூடாது. படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். சக்கரம் இல்லை. கடைசியில் பழத்தை நூலில் கோத்து அந்தக் கைப்பிடியில் கட்டினார். பிறகு உள்ளே போய்க் கற்பூரம் ஏற்றினார். அறைகளில் இருந்த புகை எச்சரிக்கை மணிகள் ஒன்றுவிடாமல் அலறின. படகுத்துறை அம்மாள் ஓடி வந்தாள். நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டதற்கு, "பாதுகாப்பு நடவடிக்கை" என்று நான் நகராட்சி ஆங்கிலத்தில் விளக்கினேன். தேங்காய் மட்டும் உடைக்கப்படாமல் பைக்குத் திரும்பியது. ஏழுமலைக்கு அது மனக்குறை.

முதல் நாள் அவர் ஓட்டினார். ஒரு புதர், ஒரு பாலம், நின்றுகொண்டிருந்த ஒரு படகு, திரும்பவும் அதே புதர். இடித்த படகிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். இங்கே அடிபட்டவன்தான் மன்னிப்புக் கேட்பான், அது ஒரு பழக்கம். மரக்கிளை தலையில் இடித்தபோது நானே அதனிடம் சாரி சொன்னதை யாழினி செல்போனில் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

வேகம்தான் ஏழுமலைக்குத் தாங்கவில்லை. கரையோரப் பாதையில் குச்சி ஊன்றிக்கொண்டு ஒரு கிழவி எங்களைத் தாண்டிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, நின்று நாய்க்குத் தண்ணீர் காட்டிவிட்டு, மறுபடியும் தாண்டினாள்.

"மாப்ள, டப்பு குடுத்து இன்னாத்துக்கு இதுல வர்றானுங்க? நடந்தா சும்மா போலாமே."

"அவசரம் இல்லாம இருக்கறதுக்குத்தான் மச்சான்."

"இவனுங்களுக்கு அவசரம் இல்லாததுக்கு ஒரு வாரம். உனுக்குப் பத்து வருசமா அவசரம் இல்ல."

நான் வாத்துகளைக் காட்டிப் பேச்சை மாற்றினேன்.

மறுநாள் கக்கூஸ் பெட்டி நிறைந்தது. படகுக் கக்கூஸின் கீழே பெட்டி மாதிரி ஒரு தொட்டி இருக்கும். நாமே உருவியெடுத்து, குறிப்பிட்ட இடத்துக்குத் தூக்கிப் போய்க் கொட்டிக் கழுவ வேண்டும். எனக்கு முன்னால் ஒரு முன்னாள் நீதிபதி தன் பெட்டியோடு வரிசையில் நின்றுகொண்டு வானிலை நன்றாக இருப்பதாகச் சொன்னார். என் கையில் பெட்டியைப் பார்த்த ஏழுமலைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஊர்ல வந்து இதத் தூக்குவியா மாப்ள?"

தூக்க மாட்டேன். ஊரில் இந்த வேலையை யார் தலையில் கட்டி, யார் தெருவை எந்தப் பக்கம் தள்ளி வைத்தோம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இங்கே நீதிபதியோடு வரிசையில் நின்று தூக்கியதை நான் பெருமையாக ஊருக்கு எழுதலாம். ஊரில் தூக்கியவர்களைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. கொட்டிக் கழுவிவிட்டு வந்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

சந்தோஷங்களும் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய். காலையில் தண்ணீர் மேல் பனி நிற்கும்போது எஞ்சின் போடாமல் உட்கார்ந்து குடிக்கும் டீ. கஸ்தூரி நைட் ட்யூட்டி ஞாபகம் இல்லாமல் ஒன்பது மணிவரை தூங்கியது. யாழினி படகு ஓட்டியது. அந்தப் பெண் ஒருதடவை சொன்னதும் பிடித்துக்கொண்டாள். ஒரு கையில் கைப்பிடி, ஒரு கையில் ஆப்பிள், படகு நேராகப் போனது. ஏழுமலை கூரைமேல் உட்கார்ந்து அவளுக்கு, "ரைட்ல வுடு, ரைட்ல வுடு, வண்டி வருது பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவளும் "சரி மாமா, வுட்டாச்சு மாமா" என்று தமிழிலேயே பதில் சொன்னாள். நான் இருபது வருஷம் சொல்லிக்கொடுத்து வராத தமிழ்.

4

கல்யாண நாளன்று மதகுக்கு வந்து சேர்ந்தோம்.

கால்வாய் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் இடங்களில் தண்ணீருக்குப் படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள். நீளமான கல் தொட்டி, இரண்டு முனையிலும் மரக்கதவு. படகை உள்ளே விட்டுக் கதவை மூடி, தண்ணீரை வடித்தால் படகு மெல்ல இறங்கும். அடிமட்டம் வந்ததும் எதிர்ப்பக்கக் கதவுகளைத் திறந்து வெளியே போக வேண்டியதுதான். தொட்டியின் அகலம் படகின் அகலத்தைவிட ஒரு கை அகலம் கூடுதல், அவ்வளவே. படகில் ஒருவராவது இருக்க வேண்டும், மற்றவர்கள் மேலே நின்று கதவைத் தள்ள வேண்டும். கஸ்தூரியும் யாழினியும் மேலே போனார்கள். படம் எடுப்பதற்காகப் பட்டு வேட்டி கட்டியிருந்த நான் படகில் நின்றேன்.

ஏழுமலை மதகை ஒரு சுற்றுப் பார்த்தார். "இதுக்குத்தான் மாப்ள ஒடைக்கணும்" என்று தேங்காயை எடுத்து, கரைக் கல்லில் ஒரே போடு போட்டார். ஒரு மூடி கையில் நின்றது, இன்னொன்று உருண்டு தொட்டித் தண்ணீரில் விழுந்தது. "கங்கைக்குப் போச்சு, நல்லதுதான்" என்று கும்பிட்டுவிட்டுப் படகில் ஏறிக்கொண்டார்.

தண்ணீர் வடிந்தது. நாங்கள் இறங்கினோம். இரண்டு பக்கமும் பாசி பிடித்த சுவர் உயர்ந்துகொண்டே போனது. மேலே கஸ்தூரியின் முகமும் ஒரு துண்டு வானமும். அவர்கள் கதவுகளைத் தள்ளினார்கள். ஒரு கதவு முழுதாகத் திறந்தது. இன்னொன்று முக்கால் வழியில் நின்றுவிட்டது. முட்டித் தள்ளியும் அசையவில்லை.

"என்னமோ மாட்டிட்டிருக்கு" என்றாள் கஸ்தூரி.

என்ன மாட்டியிருக்கிறது என்பதில் எங்கள் நாலு பேருக்கும் சந்தேகமில்லை. கதவுக்கும் சுவருக்கும் நடுவில் தேங்காய் மூடி. பின்னால் இரண்டு படகுகள் வந்து நின்றுவிட்டன. ஒரு தொப்பிக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்து, இந்தப் பக்கக் கால்வாய்களில் தேங்காய் நிறைய வருகிறது, நாங்கள் முதல் ஆள் இல்லை என்று ஆறுதல் சொன்னார். யாழினி கொக்கி வைத்த நீளக் கம்பை வாங்கிக்கொண்டு கரையில் குப்புறப் படுத்தாள். சுவரில் ஏணி இருந்தது, பாசி வழுக்கும் ஏணி. ஏழுமலைக்கு மூட்டுவலி. எனக்குப் பட்டு வேட்டி.

ஏழுமலை கூரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப எங்கியும் ஓட முடியாது மாப்ள. சொல்லு. வர்றியா, இல்லியா?"

"யோசிச்சுகினுதான் கீறோம் மச்சான். எல்லாக் கோணத்துலயும் பாத்து..."

"இன்னா கோணம்? அந்த வூட்டுக்கு நாலு மூலதான். நாலையும் வாராவாரம் நான்தான் பெருக்கறேன்."

"கோபப்படாதீங்க மச்சான்."

"கோவம் இல்ல. எனுக்கு விசா குடுக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒண்ணு கேட்டானுங்க. பதினஞ்சு நாளு சுத்திப் பாக்கப் போறவன், நீ திரும்பி வருவன்றதுக்கு இன்னா ஆதாரம்னு. பென்சன் கீதுன்னேன், பொண்டாட்டி கீதுன்னேன். அப்பால, தங்கச்சி வூடு ஒண்ணு பூட்டிக் கெடக்குது, ஞாயித்துக்கெழமயானா தொறக்கணும், வந்துதான் ஆவணும்னு எழுதிக் குடுத்தேன். நம்பி குடுத்துட்டானுங்க. உங்கிட்ட யாரும் அத்தக் கேக்கல. நான் கேக்கறேன். நீ திரும்பி வருவன்றதுக்கு இன்னா ஆதாரம்?"

கம்பு சுவரில் உரசும் சத்தம் கேட்டது. தண்ணீர் எங்கோ சொட்டிக்கொண்டிருந்தது. அலுவலகத்தில் நான் எழுதும் வாக்கியங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எனக்குப் பயமாக இருந்தது. வரமாட்டோம் என்று சொல்லிவிட்டால் நான் இந்த ஊர்க்காரன் ஆகிவிடுவேன். அலுவலகத்தில் எவனாவது என் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூட மெனக்கெடாமல் ஏளனமாகச் சிரித்தால், போடா, எனக்கு ஊரில் மாடி வீடு இருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அதைச் சொல்லிக்கொண்டுதான் இத்தனை வருஷம் வண்டி ஓடியது. அங்கே மீனாவின் பிள்ளைகள் ஓடியாடினால் அப்புறம் நான் எதைச் சொல்லிக்கொள்வேன்?

"மச்சான், கூடிய சீக்கிரத்துல ஒரு முடிவு..."

"அண்ணா."

மேலேயிருந்து கஸ்தூரி. கதவைத் தள்ளுவதற்கான பெரிய மரக்கட்டையில் சாய்ந்து நின்றிருந்தாள். அந்தக் கல் தொட்டிக்குள் முணுமுணுத்தாலும் மேலே கேட்கும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அவரு சொல்ல மாட்டாரு, நான் சொல்றேன். நாங்க வரல. மீனாவ ஜூனுக்குள்ள குடிவரச் சொல்லு."

"இரு கஸ்தூரி, பேசி..."

"பத்து வருஷமா பேசிட்டுத்தான் இருக்கோம். நாம குடியிருக்காத வீட்டுக்கு மோட்டார் போட்டு ஆஃப் பண்ண எங்கண்ணன் வாராவாரம் முட்டிய புடிச்சிகினு மாடி ஏறிட்டு இருக்கு. போதும்."

எனக்குக் கோபம் வந்தது. முதன்மை விண்ணப்பதாரர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். சார்ந்திருப்பவர் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மேல்முறையீட்டுக்கு என்ன பதில் வரும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? நான் எலுமிச்சம்பழம் ஆடும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏழுமலை ஜெயித்த முகம் காட்டவில்லை. தோள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "நீங்க வந்துருவீங்கன்னு நானும் கொஞ்சம் நெனச்சிகினுதான் இருந்தேன்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து யாழினி, "மாமா, உங்க தேங்கா" என்று கம்பின் நுனியில் மூடியைத் தூக்கிக் காட்டினாள். பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். கதவு முழுதாகத் திறந்தது, படகு வெளியே வந்தது. கையில் நின்ற மூடியைத் துருவிச் சாயங்காலம் கஸ்தூரி சட்னி அரைத்தாள். நான் ஒரு தோசையில் எழுந்துவிட்டேன். ஏழுமலை அஞ்சு தோசை சாப்பிட்டார்.

5

ஊருக்குத் திரும்பிய ஏழுமலையிடமிருந்து ஞாயிற்றுக்கிழமை வீடியோ வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் மட்டும் பழக்கத்தில் டீயோடு சோபாவில் உட்கார்ந்திருந்தேன். ஜூன் பாதியில் மீனாவிடமிருந்து வந்தது.

கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். என்னிடம் நிறம் கேட்கவில்லை. ரோஸ் அறையின் சுவரில் பெரியவன் ஆணி அடித்துக் கிரிக்கெட் மட்டையை மாட்டியிருக்கிறான். சின்னவள் கீழ்ச்சுவர் முழுக்கக் கரியால் எதையோ வரைந்திருக்கிறாள், வாத்து மாதிரியும் இருக்கிறது, பஸ் மாதிரியும் இருக்கிறது. மொட்டை மாடியில் நான் வானத்தைப் பார்த்து நீட்டிவிட்ட கம்பிகளுக்கு நடுவே கொடி கட்டி யூனிஃபாரம் காய்கிறது. சமையலறையில் குக்கர் விசில். பின்பக்கச் சுவரில் ஈரம் இருக்கிறதா என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அங்கே வாழைக்கன்று வைத்திருக்கிறார்கள், சுவர் தெரியவில்லை.

"சுவரோரம் வாழை வைத்தால்" என்று தட்ட ஆரம்பித்து, அழித்துவிட்டேன்.

வீடியோவுக்குக் கீழே மீனாவின் குரல் பதிவு இருந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் பேசுகிற தெளிவான குரல்.

"மாமா, மாடி ரூம் உங்களுக்குன்னே வச்சிருக்கோம், கட்டில் போட்டாச்சு. எப்ப வேணா வாங்க. வர்றதுக்கு முன்னாடி மட்டும் ஒரு போன் பண்ணிடுங்க மாமா. பசங்களுக்குப் பரீட்ச கிரீட்ச இருக்கும்."

இரண்டு தடவை கேட்டேன். ட்யூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கஸ்தூரி ஷூ லேஸைக் கட்டியபடியே, மீனா என்ன சொல்கிறாள் என்று கேட்டாள்.

"போன் பண்ணிட்டு வரச் சொல்றா."

"சரிதானே. அவங்க வீடு."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். நான் செல்போனை எடுத்து, "சரிம்மா" என்று அனுப்பினேன்.